செராமிக் குருணைகளுக்குள் எலும்பு எப்படி வளர்கிறது?

மதிவதனி:

வணக்கம். என் தம்பிக்குத் தோளுக்குச் சற்றுக் கீழே, மேற்கை எலும்புக்குள் ஒரு நீர்க்கட்டி இருந்தது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு அந்தக் குழியை வெள்ளைக் குருணைகளால் நிரப்பியிருக்கிறார்கள். ஹைட்ராக்ஸிஅபடைட்டும் ட்ரைகால்சியம் பாஸ்பேட்டும் கலந்த செராமிக் என்று டாக்டர் சொன்னார், இதற்குள் எலும்பு வளர்ந்துவிடும் என்றும் சொன்னார். சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, தம்பியும் நன்றாக இருக்கிறான், அதனால் பயந்துபோய்க் கேட்கவில்லை. எனக்குப் புரியவில்லை, புரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டு எடுத்த பொருள் என்கிறார்கள். அதில் உயிருள்ள செல் எதுவும் இல்லை, மருந்தும் சேர்க்கவில்லை. அப்படியிருக்க அது எலும்பை எப்படி வளர வைக்கிறது? எலும்புக்கு வேண்டியது கால்சியம்தான் என்றால் கால்சியம் மாத்திரையைப் பொடித்து வைத்தால் போதாதா? குருணை முழுக்க ஓட்டையாக இருப்பதில் என்ன லாபம், கெட்டியாக இருந்தால் பலமாக இருக்குமே? பெட்டியில் துளை அளவு 70 சதவீதம் என்று போட்டிருந்தது, அது கூடக் கூட நல்லதா? கடைசியில் அந்தக் குருணைகள் என்ன ஆகும், அங்கேயே கிடக்குமா, போய்விடுமா?

விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள், படிக்கிறேன்.

சூளைவாசி:

நான் இந்த வகைச் செராமிக்குகளைச் செய்யும் ஆய்வகத்தில் இருப்பவன். பொருள் பக்கத்தைச் சொல்கிறேன், உடம்புக்குள் நடப்பதை டாக்டர்கள் யாராவது வந்து சொல்லட்டும்.

முதலில் கால்சியம் மாத்திரை. உங்கள் தம்பியின் குழியில் கால்சியத்துக்குப் பஞ்சம் இல்லை. ரத்தத்தில் கால்சியம் 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 9 முதல் 10.5 மில்லிகிராம் என்ற அளவில் எப்போதும் இருக்கிறது, உடம்பு அதை மிகவும் கண்டிப்பாகக் காப்பாற்றுகிறது. குழியில் இல்லாதது எலும்பு கட்டும் செல்கள் ஒட்டிக்கொள்ள ஒரு பரப்பும், அவற்றுக்கு உணவும் ஆக்சிஜனும் கொண்டுவரும் ரத்தக்குழாய்கள் நுழைய ஒரு வழியும்தான். பொடியாக எதையாவது வைத்தால் இரண்டுமே கிடைக்காது. கரையும் பொருளை வைத்துப் பார்ப்பது பழைய யோசனை. 1892லேயே டிரீஸ்மன் என்ற ஜெர்மன் மருத்துவர் எலும்புக் குழிகளைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸால் நிரப்பினார். இன்றைக்கும் அந்தக் கால்சியம் சல்பேட் பயன்பாட்டில் இருக்கிறது, சிறிய குழிகளில் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அது சில வாரங்களிலேயே கரைந்துவிடும், பெரிய குழியின் நடுப்பகுதிவரை எலும்பு அவ்வளவு வேகமாக வந்து சேராது, தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லாத அந்த இடத்தில் எலும்புக்குப் பதில் தழும்பு போன்ற நார்த்திசு வந்து உட்கார்ந்துவிட வாய்ப்பு உண்டு.

சரி, ஏன் கால்சியம் பாஸ்பேட்? நம் எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தாதுதான், அந்தத் தாது ஹைட்ராக்ஸிஅபடைட்டுக்கு மிக நெருக்கமானது. சுத்தமானது என்று சொல்ல முடியாது, கார்பனேட்டும் கொஞ்சம் மெக்னீசியமும் சோடியமும் கலந்திருக்கும், படிகங்கள் சில பத்து நானோமீட்டர் நீளம்தான். நாங்கள் செய்யும் செராமிக்கின் படிகங்கள் அதைவிட எவ்வளவோ பெரியவை, சுத்தமானவை. ஆனால் உடம்புக்குள் போனதும் அதன் மேற்பரப்பு கொஞ்சம் கரைகிறது, ஒட்டியிருக்கும் திரவத்தில் கால்சியமும் பாஸ்பேட்டும் கூடுகின்றன, பிறகு அவை அங்கிருக்கும் கார்பனேட்டையும் சேர்த்துக்கொண்டு எலும்புத் தாதுவைப் போன்ற மெல்லிய அபடைட் படலமாக மீண்டும் அதே பரப்பில் படிகின்றன. செல் வந்து தொடுவது சூளையிலிருந்து வந்த பரப்பை இல்லை, உடம்பின் திரவத்திலிருந்து அங்கேயே உருவான இந்தப் படலத்தை. எலும்பும் செராமிக்கும் நடுவில் நார்த்திசு எதுவும் இல்லாமல் நேராக ஒட்டிக்கொள்வதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

இப்போது ஓட்டை விஷயம், எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1970களின் தொடக்கத்தில் ஹல்பர்ட் குழுவினர் துளையுள்ள செராமிக்குகளை விலங்குகளின் எலும்பில் வைத்துப் பார்த்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது கால்சியம் அலுமினேட், எலும்புத் தாதுவுடன் அதற்கு ஒட்டும் உறவும் கிடையாது. அப்படியும் ஒன்றோடொன்று இணைந்த துளைகள் ஏறத்தாழ 100 மைக்ரானுக்கு மேல் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருந்தபோது தாது படிந்த எலும்பு உள்ளே வந்தது. அதைவிடச் சிறிய துளைகளில் தாது படியாத எலும்புத் திசுவோ நார்த்திசுவோதான் வந்தது. எலும்பு எவ்வளவு உள்ளே போகும் என்பதைத் துளையும், போன எலும்பு பொருளோடு எவ்வளவு நெருக்கமாக ஒட்டும் என்பதை வேதியியலும் முடிவு செய்கின்றன என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். பிறகு வந்த ஆய்வுகள் 300 மைக்ரானுக்கு மேல் இருந்தால் இன்னும் நல்லது, ரத்தக்குழாய்கள் தாராளமாக வரும் என்று காட்டின. அளவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் காரணம் தெரியும்: ரத்தச் சிவப்பணு 7, 8 மைக்ரான், எலும்பு கட்டும் செல் 20, 30 மைக்ரான், எலும்பை அரிக்கும் செல் 100 மைக்ரான் வரைகூடப் போகும், முதிர்ந்த கெட்டி எலும்பில் நடுவே ரத்தக்குழாயை வைத்துக்கொண்டு அடுக்கடுக்காகக் கட்டியிருக்கும் ஒவ்வொரு உருளையும் ஏறத்தாழ 200 மைக்ரான் அகலம். இவை அத்தனைக்கும் இடம் வேண்டும்.

பெட்டியில் போட்டிருக்கும் 70 சதவீதத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அந்த எண் உள்ளே எவ்வளவு வெற்றிடம் என்று மட்டும்தான் சொல்கிறது. ஒரு பெரிய வீட்டில் அறைகள் எல்லாம் விசாலமாக இருந்து, அறைக்கு அறை கதவே வைக்காமல் சுவரை எழுப்பிவிட்டால் அந்த அறைகளால் யாருக்குப் பயன்? செராமிக்கிலும் இரண்டு துளைகளுக்கு நடுவில் இருக்கும் திறப்பின் அகலம்தான் உண்மையில் போக்குவரத்தைத் தீர்மானிக்கிறது. முயல்களில் செய்த ஓர் ஆய்வில் அந்தத் திறப்பு 20 மைக்ரானுக்கு மேல் இருந்தால் செல்கள் உள்ளே நுழைந்தன, தாது படிந்த எலும்பு வர 50 மைக்ரானுக்கு மேல் தேவைப்பட்டது. துளை 500 மைக்ரானாக இருந்து திறப்பு 10 மைக்ரானாக இருந்தால், பெட்டியில் 80 சதவீதம் என்று போட்டிருந்தாலும் எலும்பு வெளி விளிம்போடு நின்றுவிடும். துளைச் சதவீதத்தைப் பெரிய எழுத்தில் போட்டுவிட்டுத் திறப்பின் அளவைச் சொல்லாமல் விடும் தயாரிப்பாளர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு, வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் எண் அதுதான்.

துளையை எப்படிச் செய்கிறார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பொடியோடு பிளாஸ்டிக் மணிகளைக் கலந்து சுட்டால் மணிகள் எரிந்து அந்த இடம் துளையாகும், மணிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்த இடம் திறப்பாகும். நுரைப்பஞ்சைச் செராமிக் குழம்பில் முக்கி எடுத்துச் சுடலாம். குழம்பையே நுரைக்க வைக்கலாம். இப்போது முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் இழை இழையாகப் போட்டுத் திறப்பின் அகலத்தை முன்கூட்டியே முடிவு செய்யவும் முடிகிறது. இதையெல்லாம்விட எனக்கு வியப்பானது பவளம். 1974ல் ராய், லின்னஹான் என்ற இருவர் பவளப்பாறையின் கால்சியம் கார்பனேட் எலும்புக்கூட்டை அழுத்தத்திலும் வெந்நீரிலும் பாஸ்பேட்டோடு வினைபுரிய வைத்து, வடிவம் மாறாமல் ஹைட்ராக்ஸிஅபடைட்டாக மாற்றிக் காட்டினார்கள். சில பவள இனங்களின் துளைகள் எல்லாம் இயல்பாகவே ஒன்றோடொன்று இணைந்தவை, அளவும் நம் எலும்பின் உட்புறத்தில் பஞ்சு போலத் துளைகளோடு இருக்கும் பஞ்செலும்புக்குப் பக்கத்தில் வரும். அந்த வழியில் செய்த பொருள் அறுவை சிகிச்சைக்கும் வந்தது.

ஆர்த்தோ_செழியன்:

சூளைவாசி சொன்னதிலிருந்து தொடர்கிறேன். நான் எலும்பு அறுவை மருத்துவர், இந்தக் குருணைகளை அடிக்கடி வைப்பவன்.

மதிவதனி, குழியில் குருணையை வைத்த அந்த நிமிடமே வேலை ஆரம்பித்துவிடுகிறது. சுரண்டிய எலும்புச் சுவரிலிருந்து ரத்தம் கசியும், துளையுள்ள குருணை அதைத் தானாகவே உறிஞ்சிக்கொள்ளும். வெள்ளையாக இருந்தது கண் முன்னாலேயே சிவந்துவிடும். சிவக்காமல் வெள்ளையாகவே இருந்தால் எனக்குத் திருப்தி வராது, சுவரை இன்னும் கொஞ்சம் சுரண்டி ரத்தம் வர வைப்பேன், அல்லது இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை ஊசியில் உறிஞ்சி அதில் குருணையை ஊற வைப்பேன். உறைந்த ரத்தத்தில் இருக்கும் புரத வலைதான் செல்கள் முதலில் பிடித்துக்கொண்டு நகர்வது. தட்டணுக்கள் விடும் வளர்ச்சிக் காரணிகள் செல்களை அந்த இடத்துக்கு அழைக்கின்றன.

முதல் சில நாட்கள் அழற்சி. மேக்ரோபேஜ்கள், அதாவது கழிவை விழுங்கும் தற்காப்புச் செல்கள், வந்து குப்பையை அள்ளும். இதைக் கெட்டது என்று நினைக்கிறார்கள், ஆனால் அளவான அழற்சி இல்லாமல் எலும்பு ஆறுவதில்லை. அடுத்து தந்துகிகள், அதாவது மிக மெல்லிய ரத்தக்குழாய்கள், சுவரிலிருந்து முளைத்துத் துளைகளுக்குள் ஊர்ந்து வரும். இந்தக் கட்டம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. ஒரு செல் பிழைக்க வேண்டுமென்றால் பக்கத்துத் தந்துகியிலிருந்து 100, 200 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும், அதற்கு மேல் ஆக்சிஜன் போதுமான அளவு போய்ச் சேராது. கெட்டியான செராமிக் கட்டியின் நடுவில் எலும்பு வராததற்கும், திறப்பு குறுகியிருந்தால் உள்ளறைகள் காலியாகக் கிடப்பதற்கும் காரணம் இதுதான்.

குழாய்களோடு சேர்ந்து மஜ்ஜையிலிருந்தும் எலும்பின் மேலுறையிலிருந்தும் வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய ஸ்டெம் செல்கள் வரும். அவை துளையின் சுவரில் ஒட்டி ஆஸ்டியோபிளாஸ்ட்களாக, அதாவது எலும்பு கட்டும் செல்களாக மாறி, முதலில் கொலாஜன் இழைகளைப் போடும், பிறகு அதில் தாது படியும். முதலில் வருவது அவசரமாகப் பின்னிய ஒழுங்கற்ற எலும்பு. அது வேலைக்கு ஆகும், ஆனால் பலமானது இல்லை. மாதக்கணக்கில் உடம்பு அதை அரித்து அரித்து அடுக்கு அடுக்கான நல்ல எலும்பாக மாற்றிக் கட்டும்.

குருணை என்ன ஆகும் என்ற கேள்வி. எலும்பை அரிக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் குருணையையும் அரிக்கும். அந்தச் செல் பரப்பில் ஒட்டிக்கொண்டு தனக்குக் கீழே ஓர் அடைப்பை உண்டாக்கி அமிலத்தைச் சுரக்கும், அங்கே பிஎச் 4.5 வரை இறங்கும், கால்சியம் பாஸ்பேட் கரையும். இயல்பான எலும்பை உடம்பு புதுப்பிப்பதும் இதே முறையில்தான், அதனால் குருணைக்கென்று தனி ஏற்பாடு எதுவும் தேவைப்படுவதில்லை. இதில் இரண்டு பொருளும் ஒன்று போல இல்லை. பீட்டா ட்ரைகால்சியம் பாஸ்பேட் சீக்கிரம் கரையும், பெரும்பாலும் சில மாதங்களிலிருந்து ஓரிரண்டு ஆண்டுகளுக்குள் அதன் பெரும்பகுதி எலும்பாக மாறிவிடும். சுட்ட ஹைட்ராக்ஸிஅபடைட் மிக மெதுவாகத்தான் கரையும், பல ஆண்டுகள் கழித்தும் எலும்புக்குள் பதிந்தபடி இருக்கும். இரண்டையும் கலப்பது அதற்காகத்தான், 60 பங்கு ஹைட்ராக்ஸிஅபடைட்டுக்கு 40 பங்கு ட்ரைகால்சியம் பாஸ்பேட் என்ற கலவையைப் பல தயாரிப்புகளில் பார்க்கலாம். ஒன்று கரைந்து இடம் கொடுக்கும், மற்றது அதுவரை வடிவத்தைக் காப்பாற்றும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: அசைவு. குருணைக்கும் எலும்புச் சுவருக்கும் நடுவில் இடைவெளி இருந்தாலோ, அந்த இடம் ஆடிக்கொண்டே இருந்தாலோ, செல்கள் எலும்புக்குப் பதில் நார்த்திசுவைக் கட்டிவிடும். எவ்வளவு உயர்ந்த செராமிக்காக இருந்தாலும் இதைத் தடுக்க முடியாது. தம்பியின் கையைச் சில காலம் தூளியில் வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும்.

பல்லும்_தாடையும்:

பல் மருத்துவத்தில் பல்லை எடுத்த குழியிலும், மேல்தாடையில் சைனஸ் என்ற காற்றறையின் தரையை உயர்த்தும்போதும் இதே குருணைகளைத்தான் வைக்கிறோம், அதனால் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். குருணைக்குள் இருக்கும் துளையைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். குருணைக்கும் குருணைக்கும் நடுவில் இருக்கும் சந்தும் ஒரு துளைதான். 1 மில்லிமீட்டர் குருணைகளைத் தளர்வாக வைத்தால் நடுவில் சில நூறு மைக்ரான் அகலத்துக்குச் சந்துகள் கிடைக்கும், அவை எல்லாமே ஒன்றோடொன்று இணைந்தவை, ரத்தக்குழாய் முதலில் அந்த வழியாகத்தான் வருகிறது. நிறைய வைத்தால் நிறைய எலும்பு வரும் என்று நினைத்து அழுத்தித் திணித்தால் குருணைகள் நொறுங்கும், அந்தத் தூள் சந்துகளை அடைத்துவிடும், மிக நுண்ணிய தூளாக இருந்தால் மேக்ரோபேஜ்கள் அதை விழுங்கி அழற்சியையும் நீட்டிக்கும். மெதுவாகத் தட்டி உட்கார வைப்பதோடு நிறுத்த வேண்டும். பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இது.

நிலா_செல்லியல்:

மேலே எழுதியவை எல்லாம் நன்றாக இருக்கின்றன, ஆனால் மூன்று பேரும் செராமிக் இடம் மட்டும்தான் கொடுக்கிறது, மற்றதெல்லாம் உடம்பின் வேலை என்பது போல எழுதியிருக்கிறீர்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை.

எலும்பே இல்லாத இடத்தில் செராமிக்கை வைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 1965ல் மார்ஷல் யூரிஸ்ட் தாது நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்தார், தசைக்குள் புது எலும்பு உருவானது. அதற்குக் காரணமான புரதங்களுக்குப் பின்னால் எலும்பு உருவாக்கப் புரதம், பி.எம்.பி. என்று பெயர் வந்தது. சரி, அதிலாவது எலும்பிலிருந்து வந்த புரதம் இருந்தது. 1990களின் தொடக்கத்தில் ரிபமோன்ட்டி, மேலே சூளைவாசி சொன்ன பவளத்திலிருந்து செய்த ஹைட்ராக்ஸிஅபடைட்டை பபூன் குரங்குகளின் தசையில் வைத்தார். புரதமோ செல்லோ எதுவும் சேர்க்கவில்லை. அங்கேயும் துளைகளுக்குள் எலும்பு வந்தது. அதே காலத்தில் நாய்களில் துளையுள்ள கால்சியம் பாஸ்பேட்டை வைத்த வேறு குழுக்களும் இதையே பார்த்தன. தசையில் எலும்புச் சுவர் கிடையாது, ஊர்ந்து வர ஆஸ்டியோபிளாஸ்ட் கிடையாது. அங்கே திரிந்துகொண்டிருந்த ஏதோ ஒரு செல்லிடம் "நீ எலும்பாக மாறு" என்று அந்தப் பொருள் சொல்லியிருக்கிறது. இடம் கொடுப்பது வேறு, இது வேறு.

எல்லாக் கால்சியம் பாஸ்பேட்டும் இதைச் செய்வதில்லை என்பதுதான் இதில் சுவையான பகுதி. ஒரே வேதியியல், ஒரே பெரிய துளை, ஆனால் ஒன்று தசையில் எலும்பை உண்டாக்கும், மற்றது சும்மா கிடக்கும். வேறுபாடு பெரிய துளையின் சுவரைக் கூர்ந்து பார்த்தால் தெரியும். வேலை செய்யும் பொருளின் சுவரில் 10 மைக்ரானுக்கும் சிறிய, பெரும்பாலும் ஓரிரண்டு மைக்ரானுக்குள் அடங்கும் நுண்துளைகள் நிறைந்திருக்கும். செல் அதற்குள் போக முடியாது. ஆனால் திரவம் போகும், புரதம் போகும், மொத்தப் பரப்பு பல மடங்கு கூடும். ரத்தத்தில் இருக்கும் ஃபைப்ரோநெக்டின் போன்ற ஒட்டும் புரதங்கள் அங்கே படிகின்றன, உடம்பே சுரக்கும் பி.எம்.பி. அங்கே தங்கிச் சேர்கிறது, கால்சியமும் பாஸ்பேட்டும் கரைவதும் படிவதும் அந்தச் சின்னச் சின்ன இடுக்குகளில் வேகமாக நடக்கின்றன. செல்லின் மேல் கால்சியத்தை உணரும் ஏற்பி இருக்கிறது, வெளியே கால்சியம் கூடினால் அது செல்லை நகர வைக்கும், பெருக வைக்கும். பாஸ்பேட் செல்லுக்குள் போய், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. என்ற மூலக்கூறின் தயாரிப்பைக் கூட்டி, அது அடினோசின் என்ற சமிக்ஞை மூலக்கூறாக வெளியே வந்து, அதன் வழியாக ஸ்டெம் செல்லை எலும்புப் பாதைக்குத் திருப்புகிறது என்று 2014ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. மேக்ரோபேஜ்களும் இந்தப் பரப்பின் சொரசொரப்பைப் பொறுத்துத் தங்கள் நடத்தையை மாற்றிக்கொள்கின்றன, அழற்சியைக் கிளப்பும் நிலையிலிருந்து திசுவைச் சரிசெய்யும் நிலைக்குப் போகின்றன.

2010ல் செம்மறியாடுகளின் இடுப்பெலும்பில் பெரிய குழிகளை உண்டாக்கி, நுண்ணமைப்பை இப்படிக் கவனமாக வைத்த ட்ரைகால்சியம் பாஸ்பேட்டை நிரப்பிப் பார்த்தார்கள். அதே விலங்கின் சொந்த எலும்பையும் பி.எம்.பி. புரதத்தையும் வைத்த குழிகளோடு ஒப்பிட்டபோது அது எதிலும் பின்தங்கவில்லை. வெறும் இடம் கொடுக்கும் பொருளால் இதைச் செய்திருக்க முடியாது என்பது என் உறுதியான கருத்து.

துளையின் வடிவத்தையும் விட்டுவிடக் கூடாது. குழிந்த பரப்பில்தான் எலும்பு முதலில் ஆரம்பிக்கிறது, வெளியே புடைத்த பரப்பில் அரிதாகத்தான் தொடங்குகிறது. குழிவுக்குள் செல்கள் சுரப்பதும் கரைந்த அயனிகளும் அடித்துச் செல்லப்படாமல் தங்குகின்றன, செல்களும் நெருக்கமாகக் கூடுகின்றன. துளை என்பதே குழிந்த பரப்புதானே.

ஆர்த்தோ_செழியன்:

நிலா, தசையில் எலும்பு வருவதை நான் மறுக்கவில்லை. ஆனால் நாய், ஆடு, செம்மறியாடு, பபூன் ஆகியவற்றில் எளிதாக வருவது எலியிலும் சுண்டெலியிலும் அரிதாகத்தான் வருகிறது. மனிதர்களில் யாரும் ஆரோக்கியமானவரின் தசையைக் கிழித்துச் செராமிக் வைத்துப் பார்க்கப் போவதில்லை. நோயாளியிடம் பேசும்போது நான் நம்பிச் சொல்லக்கூடியது, நல்ல எலும்புச் சுவர் சுற்றிலும் இருந்தால் இது நன்றாக வேலை செய்யும் என்பதைத்தான். சுவரே இல்லாத பெரிய இடைவெளி, முன்பு கிருமி தொற்றிய இடம், கதிர்வீச்சு கொடுத்த எலும்பு, இங்கெல்லாம் குருணையை மட்டும் நம்பி நான் இறங்க மாட்டேன். சொந்த எலும்பை எடுத்துக் கலப்பேன். அதில் செல்லும் இருக்கிறது, புரதமும் இருக்கிறது, அமைப்பும் இருக்கிறது. எடுத்த இடத்தில் வலி நீடிக்கலாம், எடுக்கும் அளவுக்கும் எல்லை உண்டு, அதனால்தான் மதிவதனியின் தம்பி போன்றவர்களுக்கு முழுக்கச் செராமிக்கையே வைக்க முடிவதை நாங்கள் இவ்வளவு வரவேற்கிறோம்.

சூளைவாசி:

நிலா சொன்ன நுண்துளை விஷயம் சூளையில் முடிவாகிறது என்பதால் அதைச் சொல்லிவிடுகிறேன். பொடியை அழுத்திச் சுடும்போது துகள்கள் ஒட்டி, நடுவில் இருக்கும் இடைவெளிகள் மெல்ல மூடிக்கொண்டே வரும். 1,100 டிகிரிப் பக்கம் நிறுத்தினால் நுண்துளைகள் நிறைய மிஞ்சும், 1,250, 1,300 என்று ஏற்றினால் அநேகமாக எல்லாம் மூடி வழவழப்பாகிவிடும். பீட்டா ட்ரைகால்சியம் பாஸ்பேட்டுக்கு வேறு ஒரு கட்டுப்பாடு, ஏறத்தாழ 1,125 டிகிரிக்கு மேல் அது ஆல்பா வடிவத்துக்கு மாற ஆரம்பிக்கும், ஆல்பா இன்னும் வேகமாகக் கரையக்கூடியது. சூளையில் நூறு டிகிரி கூடக் குறைய வைத்தால், பெட்டியில் ஒரே பெயர் இருந்தாலும் உடம்புக்குள் அது வேறு பொருளாகத்தான் நடந்துகொள்ளும். இரண்டு தயாரிப்புகளின் வேதிப்பெயரை மட்டும் பார்த்து ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

மதிவதனி கேட்ட பலம் பற்றி. நுண்துளையையும் பெருந்துளையையும் கூட்டினால் பலம் குறைந்தே தீரும், இதில் தப்பிக்க வழி இல்லை. நம் கெட்டி எலும்பு அழுத்தத்தில் 100 முதல் 200 மெகாபாஸ்கலுக்கு (அழுத்தத்தை அளக்கும் அலகு) மேல்கூடத் தாங்கும், பஞ்செலும்பு சுமார் 2 முதல் 12. துளை 70 சதவீதத்தைத் தாண்டிய செராமிக் பெரும்பாலும் ஒற்றை இலக்க மெகாபாஸ்கலில்தான் நிற்கும். அதுவும் எலும்பு போல வளைந்து கொடுக்காது, சட்டென்று உடையும். எலும்பில் கொலாஜன் இழைகள் விரிசலைப் பிடித்து நிறுத்துகின்றன, செராமிக்கில் அப்படி எதுவும் இல்லை. அதனால் வைத்த புதிதில் சுமையைத் தாங்க வேண்டியது சுற்றியிருக்கும் எலும்பு, தேவைப்பட்டால் தகடும் திருகும். ஆனால் துளைகளுக்குள் எலும்பு நிறைய நிறைய அந்த இடமே எலும்பும் செராமிக்கும் பின்னிய ஒரு கலவையாகி, பலம் ஏறிக்கொண்டே போகும். தொடக்கத்திலேயே பலமாக இருக்க வேண்டும் என்று கெட்டியாகச் செய்தால் அந்த வளர்ச்சிக்கே வழியில்லாமல் போய்விடும். எங்கள் துறையில் பாதி வேலை இந்த இழுபறியில்தான் போகிறது.

செழியன், நிலா இருவர் சொல்வதும் எனக்குச் சரியாகத்தான் படுகிறது. ஆட்டின் எலும்பில் பார்த்ததை அப்படியே மனிதருக்கு ஏற்ற முடியாது. ஆனால் நுண்துளையுள்ள பொருள் எலும்புச் சுவருக்குப் பக்கத்தில் வைத்தாலும் வழவழப்பான பொருளைவிடச் சீக்கிரம் எலும்பைக் கொண்டுவருகிறது என்பதற்கு விலங்குகளில் நல்ல சான்று இருக்கிறது, அதற்குத் தசை ஆய்வு வரை போக வேண்டியதே இல்லை.

மதிவதனி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு விரிவாக யாரும் சொன்னதில்லை. அந்தக் குருணைக்குள் நடக்கும் வேலையை நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது, தம்பிக்கும் அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன்.

இரண்டு சந்தேகம். எக்ஸ்ரேயில் அந்த இடம் முழுக்க வெள்ளையாகத் தெரிகிறது, அதைப் பார்த்து அப்பா எலும்பு வந்துவிட்டது என்கிறார். அது எலும்பா, குருணையா? இன்னொன்று, தம்பி கையை அசைக்கவே யோசிக்கிறான். அசைவு கூடாது என்று செழியன் டாக்டர் எழுதியதைப் படித்ததும் இன்னும் பயந்துவிட்டான். முழுக்க அசைக்காமலே வைத்திருக்க வேண்டுமா?

ஆர்த்தோ_செழியன்:

எக்ஸ்ரேயில் முதல் நாளிலேயே வெள்ளையாகத்தான் தெரியும் அம்மா, அது குருணை. செராமிக்கும் எலும்பும் ஒரே வகைத் தாது என்பதால் எக்ஸ்ரே இரண்டையும் எளிதில் பிரித்துக் காட்டாது. நாங்கள் பார்ப்பது வேறு அடையாளங்களை. குருணைக்கும் பழைய எலும்புக்கும் நடுவில் தொடக்கத்தில் மெல்லிய கறுப்புக் கோடு இருக்கும், அது போக வேண்டும். குருணைகளின் ஓரம் முதலில் தனித்தனியாகக் கூர்மையாகத் தெரியும், மாதங்கள் போகப் போக அது மங்கி, ஒன்றோடொன்று கலந்து, பஞ்செலும்பின் கோடுகள் அதன் வழியாகச் செல்வது போலத் தெரிய ஆரம்பிக்கும். இவை நல்ல அறிகுறிகள். மாறாக, கறுப்புக் கோடு அகன்றுகொண்டே போனாலோ, வெள்ளைக்குள் புதிதாகக் கறுப்பு வட்டம் தோன்றிப் பெரிதானாலோ, நீர்க்கட்டி திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும். நீர்க்கட்டி திரும்புவது அரிதான விஷயம் இல்லை, குறிப்பாகச் சிறு வயதில், அதனால் எக்ஸ்ரேக்கு வரச் சொன்ன தேதிகளைத் தவறவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் சி.டி. ஸ்கேன் இன்னும் தெளிவாகக் காட்டும்.

அசைவைப் பற்றி நான் எழுதியது குருணைக்கும் எலும்புக்கும் நடுவில் நடக்கும் அசைவை. தம்பிக்குக் குழியைச் சுற்றி முழு எலும்புச் சுவர் இருக்கிறது என்றால் குருணைகள் உள்ளே அசையாமல் நெருக்கமாக உட்கார்ந்திருக்கும். தோளையும் முழங்கையையும் டாக்டர் சொன்ன அளவுக்கு ஆட்டுவதால் அது கலையாது, கை இறுகிப்போகாமல் இருக்க அந்த அசைவு தேவையும்கூட. எலும்புக்குச் சுமை விழுந்தால்தான் செல்கள் அதைக் கெட்டிப்படுத்தும், சுமையே இல்லாமல் வைத்தால் புதிதாக வந்த எலும்பும் மெலியும். எனவே முழுக்க ஓய்வும் வேண்டாம், இப்போதே பாரம் தூக்குவதும் விளையாட்டும் வேண்டாம். எப்போது எவ்வளவு என்பதை எக்ஸ்ரேயைப் பார்த்து அவருடைய அறுவை மருத்துவர்தான் சொல்ல முடியும், நான் படம் பார்க்காமல் சொல்வது முறையாகாது.

தம்பி புகை பிடிப்பவராக இருந்தால் இப்போது விட்டுவிடச் சொல்லுங்கள். நிகோட்டின் ரத்தக்குழாய்களைச் சுருக்கும், புது எலும்பு வருவது தாமதமாகும், புகை பிடிப்பவர்களுக்கு எலும்பு ஆறுவது மெதுவாகத்தான் நடக்கிறது என்று எவ்வளவோ ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அடுத்த எக்ஸ்ரே எடுத்ததும் முதல் படத்தையும் கையோடு உங்கள் டாக்டரிடம் கொண்டுபோய் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அந்தக் கறுப்புக் கோட்டை அவரே காட்டுவார்.